ரப்பர் ஒட்டினால் போதுமா? கை கிரைண்டரை மறுவடிவமைப்பது என்றால் என்ன

காரைக்குடியில் மரவேலைக் கருவிகள் விற்கும் கடைக்குப் போய் எந்தப் பெட்டியை எடுத்தாலும் 'எர்கோனாமிக்' என்று அச்சிட்டிருக்கும். அப்படியென்றால் என்ன என்று கேட்டால், பிடியில் ஒட்டியிருக்கும் கறுப்பு ரப்பரைத் தொட்டுக் காட்டுவார்கள். வாங்க வந்த ஆசாரி கருவியை ஒருமுறை தூக்கிப் பார்த்து, "கனமில்லை, கைக்கு வாகாக இருக்கிறது" என்பார். ஐந்து நொடியில் முடிவாகிவிடும். அதே கருவியை அவர் அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு நாள் முழுவதும் பிடித்திருக்கப் போகிறார்.

என் பெரியப்பா கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் வேலைக்குப் போனவர். வளவுத் (வீட்டின் உள்முற்றம்) தூண்களின் பர்மாத் தேக்கில் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும் பழைய பெயிண்ட்டைக் கிரைண்டரில் உப்புத்தாள் டிஸ்க் மாட்டித் தேய்த்து எடுப்பது அவர் வேலை. கடைசி ஆண்டுகளில் அவரால் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. விரல் நுனிகள் மரத்துக் கிடந்தன. எல்லோரும் வயதாகிவிட்டது என்றோம். அவருக்கு அப்போது ஐம்பத்தாறு. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கு அந்தப் பொத்தான்தான் காரணம்.

கிரைண்டர் என்றதும் வீட்டில் மாவாட்டும் எந்திரம் நினைவுக்கு வரும். இங்கே நான் சொல்வது பட்டறையில் கையில் பிடித்து வேலை செய்யும் சிறிய எந்திரத்தை. முன்னால் நான்கு அங்குல டிஸ்க் சுழலும், பின்னால் உருளை போன்ற உடலுக்குள் மோட்டார் இருக்கும். தச்சர், கல்தச்சர், வெல்டர், டைல்ஸ் போடுகிறவர் என எல்லோரிடமும் இருப்பதால் இதையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்.

சொல்லிலேயே தொடங்கும் குழப்பம்

எர்கோனாமிக்ஸ் என்பதற்குத் தமிழில் பணிச்சூழலியல் என்று எழுதுகிறோம். அந்தச் சொல்லைக் கேட்டதும் வெளிச்சம், காற்று, நாற்காலி என்று அறையைப் பற்றியே நினைக்கத் தோன்றுகிறது. மூலச் சொல்லில் 'சூழல்' இல்லை. கிரேக்கத்தில் 'எர்கோன்' என்றால் வேலை, 'நோமோஸ்' என்றால் விதி. போலந்து அறிஞர் வோய்ச்சியெக் யாஸ்ட்ரெம்போவ்ஸ்கி 1857-இல் இந்த இரண்டையும் சேர்த்து இந்தச் சொல்லை உருவாக்கினார். வேலைக்கும் அதைச் செய்யும் உடலுக்கும் இடையே என்ன நடக்கிறது, அதை எப்படிச் சீராக்குவது என்று ஆராயும் துறை இது.

நம்மிடம் இதற்கு நெருக்கமான சொல் ஒன்று ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது: வாகு. ஆசாரி சொன்ன அதே வாகுதான். அதை ஐந்து நொடியில் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைப்பதுதான் தவறு. தொட்டுப் பார்க்கையில் கிடைக்கும் இதம் தோலுக்கு உரியது. வாகு என்பது தசை, நரம்பு, மூட்டு, நேரம் ஆகிய நான்கையும் பற்றியது.

காவடியின் கணக்கு

செம்பு நிறையத் தண்ணீரை இடுப்போடு அணைத்துக்கொண்டு தெருக்கோடி வரை நடந்துவிடலாம். அதே செம்பைக் கையை முன்னால் நீட்டிப் பிடித்தால் ஒரு நிமிடத்தில் தோள் நடுங்கும். எடை கூடவில்லை, உடலிலிருந்து அதன் தூரம்தான் கூடியது. எடையைத் தூரத்தால் பெருக்கி வருவதைத் திருப்புவிசை என்பார்கள். கதவைக் கீலுக்குப் பக்கத்தில் தள்ளுவதைவிடக் கைப்பிடிப் பக்கம் தள்ளுவது எளிது என்பதும் இதே கணக்குதான்.

நம் உடலுக்குள் இந்தக் கணக்கு நமக்குச் சாதகமாக இல்லை. முழங்கையை மடக்கி, முன்கையைக் கிடையாக வைத்து 2 கிலோ கருவியைப் பிடித்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கருவி முழங்கையிலிருந்து ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. அதைத் தாங்கும் புஜத்தசையோ முழங்கையிலிருந்து நான்கைந்து சென்டிமீட்டரில்தான் எலும்போடு இணைகிறது. ஆகவே 2 கிலோவைத் தாங்க அந்தத் தசை ஏறக்குறைய 15 கிலோ அளவுக்கு இழுத்தாக வேண்டும். கையின் சொந்த எடை இதில் சேரவில்லை.

தைப்பூசத்துக்குப் பழனி வரை நடக்கும் நகரத்தார் காவடியைப் பார்த்திருப்பீர்கள். சுமை இருபுறமும் தொங்க, தண்டின் நடு தோளில் அமர்கிறது. அதே எடை முழுவதையும் ஒரு நுனியில் கட்டினால் குன்றக்குடி தாண்டுவதற்குள் தோள் கழன்றுவிடும். ஒரு பொருளின் மொத்த எடையும் எந்த இடத்தில் குவிந்திருப்பதாகக் கொள்ளலாமோ, அந்த இடத்துக்கு ஈர்ப்பு மையம் என்று பெயர். காவடியில் அது தோளின் மேல் இருக்கிறது. கிரைண்டரில் பல்சக்கரங்கள் இருக்கும் உலோகத் தலை முன்னால் இருப்பதால், ஈர்ப்பு மையம் கைக்கு முன்னால் விழுகிறது. கருவி எப்போதும் மூக்குக் குப்புறக் கவிழப் பார்க்கிறது. மணிக்கட்டு அதை ஓயாமல் நிமிர்த்திப் பிடிக்கிறது.

இங்கேதான் 'கனமில்லை' என்ற அளவுகோல் உடைகிறது. 2 கிலோ கருவியின் ஈர்ப்பு மையம் பிடிக்கு 10 சென்டிமீட்டர் முன்னால் இருந்தால், மணிக்கட்டில் விழுவது 20 கிலோ-சென்டிமீட்டர். இன்னொரு கருவி 2.4 கிலோ, ஆனால் பிடியை முன்னுக்கு நகர்த்தி, பின்னால் எடை சேர்த்ததால் இடைவெளி 3 சென்டிமீட்டராகக் குறைந்துவிட்டது. அங்கே விழுவது 7.2 மட்டுமே. கனமான கருவி மணிக்கட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு சுமைதான் தருகிறது. பக்கவாட்டில் ஒரு துணைப்பிடி கொடுத்திருப்பதும் இந்தக் கவிழ்வைத் தாங்கத்தான். நம் பட்டறைகளில் அதைக் கழற்றி எறிந்துவிட்டு வேலை செய்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் காட்சி.

இதுவரை பார்த்தது: கருவி எவ்வளவு எடை என்பதோடு, அந்த எடை கையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

மணிக்கட்டை மடக்கிப் பாருங்கள்

இப்போதே ஒன்று செய்து பாருங்கள். மணிக்கட்டை நேராக வைத்துக் கைமுட்டியை இறுக்குங்கள். பிறகு மணிக்கட்டை உள்பக்கமாக முடிந்தவரை மடக்கிக்கொண்டு அதே போல் இறுக்கப் பாருங்கள். விரல்கள் முழுதாக மூடவே மறுக்கும்.

விரல்களை மடக்கும் தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து கயிறு போன்ற தசைநாண்கள் மணிக்கட்டில் உள்ள ஒரு குறுகிய வழியாக நுழைந்து விரல்களுக்குப் போகின்றன. அந்த வழிக்கு மணிக்கட்டுக் குகை என்று பெயர். அதற்குள் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் நெருக்கியடித்துக்கொண்டு செல்கின்றன. மணிக்கட்டு மடங்கும்போது குகை நெளிகிறது, நாண்கள் சுவரில் உரசுகின்றன, நரம்பு நசுங்குகிறது. மடங்கிய கையால் பிடிக்கும் ஒருவர், நேரான கையால் பிடிப்பவரைவிட அதிகம் சிரமப்பட்டுக் குறைந்த பலனைப் பெறுகிறார்.

எனவே வளைய வேண்டியது கருவி. மணிக்கட்டு நேராக இருக்க வேண்டும். நம் மண்வெட்டியின் தகடு காம்போடு சாய்ந்து நிற்பதும் அரிவாள் வளைந்திருப்பதும் இதைத்தான் செய்கின்றன. மின்சாரக் கருவிகளுக்கு இது வந்து சேரக் காலம் பிடித்தது. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் ஃபைன் நிறுவனம் 1895-இல் செய்த கைத் துளைக்கருவி 7.5 கிலோ. பிளாக், டெக்கர் என்ற இரு அமெரிக்கர்கள் கைத்துப்பாக்கிப் பிடியும் விரல் விசையும் கொண்ட துளைக்கருவிக்கு 1917-இல் காப்புரிமை பெற்றார்கள். இன்றும் ட்ரில் என்றால் நம் கண்ணில் நிற்பது அந்த வடிவம்தான்.

ஆனால் துப்பாக்கிப் பிடி எல்லா இடத்துக்கும் நல்லதா? சுவரில் மார்புயரத்துக்குக் கீழே துளையிடும்போது மணிக்கட்டு நேராக இருக்கிறது. அதே ட்ரில்லை மேசையில் கிடக்கும் பலகையின் மேல் நேர்கீழாகப் பிடித்தால் முழங்கை தூக்கிக்கொள்கிறது, மணிக்கட்டு ஒடிகிறது. அந்த வேலைக்கு நீளவாட்டில் நேராக இருக்கும் கருவியே நல்லது. கருவியைத் தனியாக வைத்து 'இது வாகானது' என்று முத்திரை குத்த முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். எந்த வேலை, எந்த உயரம், எந்தத் திசை என்று தெரிந்த பிறகே வாகைப் பற்றிப் பேச முடியும்.

உலக்கையின் இடுப்பு

பழைய உலக்கையின் நடுப்பகுதி, தலைமுறைகளின் கைபட்டு மெலிந்து வழவழவென்று இருக்கும். பிடி மிகத் தடித்தால் விரல்கள் சுற்றிவர மாட்டா. கட்டைவிரல் மற்ற விரல்களைத் தொடாது. இறுக்கும் பலம் குறையும். மிக மெலிந்தால் விரல் நுனிகள் உள்ளங்கையில் குத்தும். வலுவாகப் பற்றவேண்டிய பிடிக்கு 30 முதல் 45 மில்லிமீட்டர் வரையான விட்டத்தைப் பொதுவாகப் பரிந்துரைக்கிறார்கள்.

கிரைண்டரில் நாம் பிடிப்பது மோட்டாரின் மேலுறையையே. உள்ளே செப்புக் கம்பிச் சுருள் இருப்பதால் அது இந்த அளவைத் தாண்டித் தடித்துவிடுகிறது. வடிவமைப்பாளர் மோட்டாரை முன்னால் தள்ளி, பின்னால் மெலிந்த கழுத்து ஒன்றைப் பிடியாகத் தரலாம். கார்பன் பிரஷ் இல்லாத புதுவகை மோட்டார், அதே சக்திக்குச் சிறிய உடல் போதும் என்கிற இடத்துக்கு அவரைக் கொண்டுவந்திருக்கிறது.

ரப்பருக்கும் இங்கே ஒரு நியாயமான வேலை இருக்கிறது. சித்திரை வெயிலில் வியர்த்த கையால் வழவழப்பான பிளாஸ்டிக்கைப் பிடித்தால், நழுவாமலிருக்க இன்னும் இறுக்க வேண்டும். ரப்பர் உராய்வைக் கூட்டுவதால் இறுக்கத்தைக் குறைக்கிறது. கடைக்காரர் தொட்டுக் காட்டிய ரப்பரின் மெய்யான பயன் இதுதான். அதிர்வைத் தடுப்பது வேறு கதை.

ஊஞ்சலும் சாவிக்கொத்தும்

பெரியப்பாவின் விரல்களை மரக்கச் செய்தது பெரும்பாலும் இந்த அதிர்வு. அதனால் இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்று போகலாம்.

முதலில் அதிர்வு எங்கிருந்து வருகிறது? நான்கு அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 முறை சுழல்கிறது. நொடிக்கு 183 சுற்று. டிஸ்க் ஒரு பக்கம் தேய்ந்தோ, நடுத்துளை தண்டோடு சரியாகப் பொருந்தாமலோ இருந்தால், எடை நடுவிலிருந்து விலகிவிடும். மையத்திலிருந்து 4 சென்டிமீட்டர் தள்ளி ஒரே ஒரு கிராம் கூடுதலாக இருக்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால், அது டிஸ்க்கை வெளிப்பக்கம் இழுக்கும் விசை 53 நியூட்டன் வருகிறது. 5 கிலோவுக்கு மேற்பட்ட எடைக்குச் சமம். அந்த இழுப்பு நொடிக்கு 183 முறை திசை மாறி மாறிக் கையை உலுக்குகிறது. வேகம் இரண்டு மடங்கானால் இந்த விசை நான்கு மடங்காகும். ஐந்து ரூபாய் மிச்சம் பிடிக்க வாங்கும் மட்டமான டிஸ்க், எவ்வளவு நல்ல கருவியையும் கெடுத்துவிடும்.

அடுத்து, இந்த உலுக்கல் கைக்குப் போகாமல் எப்படித் தடுப்பது? செட்டிநாட்டு வீட்டு ஊஞ்சலுக்கு ஒரு சொந்தத் தாளம் உண்டு. இரண்டரை மீட்டர் சங்கிலி என்றால் ஒரு முறை போய்வர ஏறத்தாழ மூன்று நொடி. ஆச்சி காலால் உந்தினாலும் பேரன் உந்தினாலும் அதே மூன்று நொடிதான். ஆடக்கூடிய எந்தப் பொருளுக்கும் இப்படி உள்ள தாளத்தை இயல் அதிர்வெண் என்பார்கள்.

இனி ஒரு ரப்பர் பேண்டில் சாவிக்கொத்தைத் தொங்கவிடுங்கள். ரப்பர் பேண்டின் மேல்நுனியைப் பிடித்த கையை மெதுவாக மேலும் கீழும் அசைத்தால் சாவி கையோடு கூடவே வரும். கொஞ்சம் வேகம் கூட்டினால், ஒரு கட்டத்தில் கையைவிடப் பல மடங்கு துள்ளும். அதன் சொந்தத் தாளத்தைத் தொட்டுவிட்டீர்கள். இதற்கு ஒத்ததிர்வு என்று பெயர். இன்னும் வேகமாக, நடுக்கம் போல் அசைத்தால் சாவி ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கும். கை துடிக்கிறது, சாவிக்கு அது போய்ச் சேரவில்லை.

அதிர்வு தடுக்கும் பிடியின் உள்மெய் இதுதான். கருவிக்கும் பிடிக்கும் நடுவே ஸ்பிரிங்கோ தடித்த ரப்பர் மூட்டோ வைக்கிறார்கள். கருவியின் அதிர்வு, பிடியின் இயல் அதிர்வெண்ணைப்போல் 1.4 மடங்கைத் தாண்டினால்தான் குறையவே தொடங்கும். மூன்று மடங்கு என்றால், உள் உராய்வு இல்லாத எளிய கணக்குப்படி, எட்டில் ஒரு பங்குதான் கைக்கு வரும். அந்த 1.4 மடங்குக்குக் கீழே இருந்தால் ஒன்றும் குறையாது. இரண்டும் நெருங்கிவிட்டாலோ, பிடி கருவியைவிட அதிகமாக ஆடும்.

மேலே ஒட்டிய இரண்டு மில்லிமீட்டர் ரப்பர் ஏன் போதாது என்று இப்போது விளங்கும். மெல்லிய ரப்பர் விறைப்பானது. அதன் இயல் அதிர்வெண் மிக உயரத்தில் இருக்கும். கிரைண்டரின் 183 அதற்கு மெதுவான அசைவு. சாவி கையோடு கூடவே வந்த முதல் நிலையில்தான் கை நிற்கிறது. அப்படியானால் மிகவும் குழைவான ஸ்பிரிங் வைத்துவிடலாமே என்றால், கருவி தளதளவென்று ஆடி, டிஸ்க் எங்கே படுகிறது என்ற பிடிமானம் போய்விடும். தடுமாறும் கருவியை ஆசாரி இன்னும் இறுக்கிப் பிடிப்பார். இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க அதிர்வு கைக்குள் அதிகம் இறங்கும். முன்பாரமாகக் கவிழும் கருவியும் தடித்த பிடியும் வியர்வையும் செய்வது இதையேதான்: இறுக்கத்தைக் கூட்டுகின்றன. ஒரு குறை இன்னொன்றுக்குத் தீனி போடுகிறது.

அதிர்வின் அளவை மீட்டர்/நொடி² என்ற முடுக்க அலகில் சொல்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் கொண்டுவந்த விதியின்படி, எட்டு மணி நேர வேலைநாளுக்குக் கணக்கிட்ட அளவு 2.5-ஐத் தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும். 5-ஐத் தாண்டவே கூடாது. கருவியின் அதிர்வு 5 என்றால் இரண்டு மணி நேரத்தில் அந்த முதல் எல்லை வந்துவிடும். அதிர்வு 10 என்றால் ஒரு மணி நேரம் என்று நினைப்போம். உண்மையில் அரை மணி நேரம்தான். அதிர்வு இரட்டித்தால் நேரம் காலாகிறது.

நீண்டகால அதிர்வு விரல்களின் சிறு இரத்தக்குழாய்களையும் நரம்புகளையும் கெடுக்கிறது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் காற்றழுத்தச் சுத்தியல் பிடித்துச் சுண்ணாம்புக்கல் செதுக்கியவர்களின் கைகளை மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் 1918-இல் ஆராய்ந்து பதிவு செய்தார். குளிரில் அவர்களுடைய விரல்கள் வெள்ளையாக வெளுத்தன. நம் வெக்கையில் அந்த வெளுப்பு அவ்வளவாகக் கண்ணில் படாது. மரத்துப்போவதும் ஊசி குத்துவது போன்ற உணர்வும் பொத்தான் போட முடியாமையுமே இங்கே அடையாளம். வெளுப்பைக் காணோம் என்பதால் நோயே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது.

இதுவரை பார்த்தது: அதிர்வைப் பிறக்கும் இடத்திலேயே குறைப்பது முதல் வேலை, பிடியைச் சரியான தாளத்தில் பிரித்து வைப்பது இரண்டாவது, இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லாமல் செய்வது மூன்றாவது.

யாருடைய கை?

சராசரிக் கைக்குச் செய்தால் எல்லோருக்கும் பொருந்தும் என்பது இன்னொரு தவறான நம்பிக்கை. கண்டாங்கிச் சேலை ஒல்லியானவருக்கும் பருத்தவருக்கும் பொருந்தும், சுற்றிக் கட்டுவதால். ரவிக்கையைச் சராசரி அளவில் தைத்தால் பாதிப் பேருக்கு இறுகும், பாதிப் பேருக்குத் தொங்கும். கருவியின் பிடி ரவிக்கையைப் போன்றது. அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்புக் கழகம் இந்தியர்களின் உடல் அளவுகளைத் திரட்டி 1997-இல் நூலாக வெளியிட்டது. வடிவமைப்பாளர் அதுபோன்ற அட்டவணையில், மிகச் சிறிய கைகளில் நூற்றுக்கு ஐந்தையும் மிகப் பெரிய கைகளில் நூற்றுக்கு ஐந்தையும் விட்டுவிட்டு, நடுவில் உள்ள தொண்ணூறு பேருக்கு முயல்வது வழக்கம். விசையை (சுவிட்சை) எட்டும் தூரத்தைச் சிறிய கைக்கும், விரல் நுழையும் இடைவெளியைப் பெரிய கைக்கும் பார்த்து வைக்க வேண்டும். இடக்கைக்காரருக்காகத் துணைப்பிடியை இருபுறமும் மாட்டும்படி துளை இருக்க வேண்டும்.

அளவைவிட எனக்கு முக்கியமாகப் படுவது உட்காரும் விதம். வெளிநாட்டுக் கருவி, இடுப்புயர மேசைக்கு முன்னால் நிற்கும் ஒருவரை மனத்தில் வைத்து உருவானது. காரைக்குடிப் பட்டறையில் ஆசாரி தரையில் சம்மணமிட்டு, பழைய நிலைக்கதவின் சட்டத்தைப் பாதத்தால் அழுத்திக்கொண்டு வேலை செய்கிறார். கருவியின் பின்னால் தொங்கும் ஒயர் அவர் தொடையில் மடங்குகிறது. மோட்டாரின் சூடான காற்று முழங்காலில் அடிக்கிறது. மறுவடிவமைப்பு வரைபலகையில் தொடங்கக் கூடாது. இந்தத் தரையில் அரைநாள் உட்கார்ந்து பார்ப்பதில் தொடங்க வேண்டும்.

ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குவது

ஒயர் தொல்லை என்றால் பேட்டரி வைக்கலாம். காரைக்குடியில் 1953 முதல் இயங்கும் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தால் பேட்டரி என்ற சொல் நம் ஊருக்குப் புதிதல்ல. 18 வோல்ட் லித்தியம் பேட்டரிக்குள் ஒவ்வொன்றும் 3.6 வோல்ட் தரும் ஐந்து செல்கள் வரிசையாக இருக்கும். அதிக நேரம் ஓட இரண்டு வரிசை. பத்து செல்களுமாக அரை கிலோவை நெருங்கிவிடும். அந்த அரை கிலோவைக் கருவியின் வாலில் வைத்தால் முன்பாரத்தைச் சமன் செய்யும் காவடிச் சுமையாகிறது. ஆனால் மொத்த எடை கூடுகிறது. தலைக்கு மேலே உத்திரத்தைத் தேய்க்கும்போது அது தோளில் ஏறும்.

விசையும் அப்படித்தான். தள்ளிப் பூட்டிவிடும் விசை விரலுக்கு ஓய்வு. கருவி கைநழுவினால் டிஸ்க் சுழன்றுகொண்டே விழும். அழுத்தியிருக்கும் வரை மட்டும் ஓடும் துடுப்பு விசை உயிரைக் காக்கும். ஆனால் ஓயாமல் அழுத்த வேண்டும். என்னைக் கேட்டால் துடுப்பு விசையே வேண்டும், அதை ஒரு விரலுக்குப் பதில் நான்கு விரலும் பகிர்ந்து அழுத்தும் நீளத்தில் செய்ய வேண்டும்.

பெரியப்பாவிடம் தொழில் கற்றவர் இப்போது கோட்டையூர்ப் பக்கம் சொந்தப் பட்டறை வைத்திருக்கிறார். போன மாதம் போயிருந்தபோது, அவர் கிரைண்டரில் துணைப்பிடி வித்தியாசமாக இருந்தது. கழற்றி எறியாமல், கம்பெனி கொடுத்த மரையாணியையே வைத்து, அதைச் சுற்றித் தேக்கில் கடைந்து மாட்டியிருந்தார். வட்டமாக இல்லை, முட்டை வடிவம். உள்ளங்கைப் பக்கம் கொஞ்சம் புடைப்பு. "அண்ணே, இந்த அளவை எங்கே பிடித்தீர்கள்?" என்று கேட்டேன். "களிமண்ணை உருட்டிப் பிடித்துப் பார்த்தேன் தம்பி. பிடித்த தடம் விழுந்தது. அந்தத் தடத்துக்குக் கடைந்தேன்" என்றார்.

பிறகு ஆணிக்கும் மரத்துக்கும் நடுவே என்ன வைத்தால் நடுக்கம் குறையும் என்று அவரே கேட்டார். ரப்பர் பேண்டும் சாவிக்கொத்தும் எடுத்துக்கொண்டு இருவரும் திண்ணையில் உட்கார்ந்தோம்.